ஸ்டீல்பானைச் சுத்தியலால் தொடும் முன்

ஸ்டீல்பான் என்பது இரும்புப் பேரலின் அடித்தகட்டைக் குழித்து, பகுதி பகுதியாகச் சுரம் ஏற்றிக் குச்சியால் வாசிக்கும் வாத்தியம். அதில் ஒரு சுரம் இறங்கிவிட்டால் அடியிலிருந்து லேசாக ஒரு தட்டுத் தட்டினால் ஏறிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பொய்யில்லை, அந்தச் சுரம் ஏறும். கூடவே அதன் மேல் ஸ்தாயி கலையும், அக்கம்பக்கத்துச் சுரங்களும் நகரும். ஒன்றைச் சரிசெய்யப் போய் ஐந்தைக் கெடுத்த வாத்தியங்கள்தான் சுருதி கூட்டுபவரிடம் அதிகம் வந்து சேர்கின்றன. கார் டிங்கரிங் தெரிந்தவரிடம் கொடுத்தாலும் இதே கதிதான். அவர் தகட்டின் உருவத்தை நிமிர்த்துவார். சுரமோ தகட்டுக்குள் அடித்து ஏற்றப்பட்ட இறுக்கத்தில் இருக்கிறது.

அந்த இறுக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது விளங்கும்.

கரீபியன் தீவான டிரினிடாட்டில் 1930-களின் கடைசியில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி என்று கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு இளைஞர்கள் கார்னிவல் ஊர்வலம் போனார்கள். எண்ணெய் வளமும் அமெரிக்கப் படைத்தளங்களும் இருந்த தீவு என்பதால் போருக்குப் பிறகு 55 கேலன் பேரலுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பேரலை முதலில் வாத்தியமாக்கியவர், தகட்டை வெளியே புடைக்க விடாமல் உள்ளே குழித்தவர், குச்சி முனையில் ரப்பர் சுற்றியவர் என்றெல்லாம் பெயர் பெற்றவர் எல்லி மானெட். 1927-இல் பிறந்து 2018-இல் மறைந்தார். 1951-இல் பிரிட்டன் விழாவுக்கு லண்டன் சென்ற டாஸ்போ என்ற டிரினிடாட் ஸ்டீல்பான் குழுவில் வாசித்தார். 1967-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பான் செய்யவும் சுருதி கூட்டவும் கற்றுக்கொடுத்தார். கிட்டத்தட்ட எழுபது வருடம் சுத்தியலைக் கீழே வைக்காத மனிதர். இந்தத் தொழிலில் அது மிகையில்லை. எந்த அடி எவ்வளவு என்பதைக் கைதான் கற்றுக்கொள்கிறது, அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

பேரலின் விட்டம் சுமார் 57 செ.மீ. மூடி உள்ள பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத் தகட்டில்தான் வேலை. தகடு 1.2 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. 1 மி.மீ.-க்குக் கீழே போனால் குழிக்கும்போதே நடுவில் கிழியலாம். 2 முதல் 3 கிலோ சம்மட்டியின் கைப்பிடியைக் குட்டையாக வெட்டி, முகத்தின் ஓரங்களை மழுங்கத் தேய்த்துக்கொள்ள வேண்டும். தேய்க்காத சம்மட்டி ஒவ்வொரு அடியிலும் பிறை வடிவில் ஒரு கீறல் வைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சுருதி கூட்டும்போது அந்தப் பிறை வழியேதான் விரிசல் விடும்.

வட்டங்கள் வரைந்துகொண்டு விளிம்போரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றுச் சுற்றாக இறக்க வேண்டும். ஆரம்பத்திலேயே நடுவில் அடித்தால் அந்த இடம் மட்டும் இழுபட்டு மெலியும், சுற்றிலும் தகடு தடிப்பாகவே நிற்கும். மேல் ஸ்தாயி வாசிக்கும் டெனர் பானுக்குச் சுமார் 20 செ.மீ. ஆழம் வேண்டும், கீழ் ஸ்தாயி வாசிக்கும் பேஸ் பானுக்கு அதில் பாதி போதும். ஒரு நீளமான ஸ்கேலை விளிம்பின் மேல் குறுக்கே வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஆழம் பார்ப்பவர் தப்பிப்பார். கண்ணளவை நம்புகிறவர் ஒரு பக்கம் சரிந்த கிண்ணத்தோடு நிற்பார்.

பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய இடத்தை வரைந்து, அவற்றுக்கு இடைப்பட்ட தகட்டைச் சிறிய சுத்தியலால் சமன்படுத்தி, ஒவ்வொரு சுரத்தின் எல்லையிலும் உருண்ட முனையுள்ள பஞ்ச் உளியால் நெருக்கமாகப் புள்ளி வைத்துக் கோடிழுப்பார்கள். பஞ்ச் முனை கூராக இருந்தால் தகடு வெட்டுப்படும், சுரம் கரகரக்கும்.

சுரங்களை அடுக்கும் முறை நம் சங்கீதம் கேட்டவர்களுக்கு எளிதில் புரியும். டிரினிடாட்டின் பான் கலைஞர் அந்தோணி வில்லியம்ஸ் உருவாக்கிய சிலந்திவலை அமைப்பிலிருந்து வளர்ந்த டெனரில், வெளி வட்டத்தில் 12 சுரங்கள். எதை ஷட்ஜமாகக் கொண்டாலும் ஒரு பக்கத்தில் அதன் பஞ்சமம், மறுபக்கத்தில் சுத்த மத்யமம். நேர் உள்ளே அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. ஒன்றைத் தட்டினால் அண்டைச் சுரமும் அதிரத்தான் செய்யும். அதிர்வது சம்வாதியாக, அதாவது ஒத்திசையும் சுரமாக இருந்தால் நாதம் கூடும். அரை சுரம் தள்ளியதைப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

பக்கச் சுவரை வெட்டிக் குட்டையாக்கிய பின் தீ வைப்பு. டெனருக்குச் சுவர் 13 முதல் 15 செ.மீ., பேஸுக்கு ஏறக்குறைய முழுப் பேரல். தகடு நீலம் பூக்கும்வரை, அதாவது 300 டிகிரி செல்சியஸ் அருகே சூடேற்றுவார்கள். அடிபட்டுக் குலைந்த உலோகத்துக்குள் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் நகர்ந்து இறுகப் பூட்டுவது இந்தச் சூட்டில்தான். சூடு போதாவிட்டால் சுருதி நிற்காது. நீலம் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போனால் தகடு துவண்டுவிடும், அதில் எத்தனை முறை கூட்டினாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் டயரை எரித்துத்தான் சூடேற்றினார்கள். அந்தப் புகையை இன்றைக்கும் சுவாசிக்க ஒரு நியாயமும் இல்லை, கேஸ் பர்னர் இருக்கிறது.

கடைசியில் வருவது சுருதி கூட்டல். ஒரே சுரத்துக்குள் அடிப்படை ஒலி, அதன் மேல் ஸ்தாயி, அதற்கும் மேலுள்ள பஞ்சமம் என்று மூன்றையும் ஒத்திசைய வைக்க வேண்டும். நீளவாக்கில் தட்டினால் மேல் ஸ்தாயி நகரும், அகலவாக்கில் தட்டினால் பஞ்சமம் நகரும். இரண்டும் சேர்ந்து அடிப்படையை இழுக்கும். இந்த ஒத்திசைவைக் கலையாக வளர்த்தவர் டிரினிடாட்டின் சுருதி கூட்டுபவர் பெர்ட்டி மார்ஷல். வெறும் அடிப்படை ஒலியை மட்டும் கைபேசி டியூனரில் பார்த்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று சொல்ல முடியாதது இதனால்தான். குரோம் பூச்சுக் கொடுத்தால் சுருதி மாறும், பூசி வந்தபின் மறுபடி சுருதி கூட்ட உட்கார வேண்டும். வாங்குபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாத்தியம் வைத்திருப்பவர்களுக்குக் குச்சிதான் முதல் எதிரி. டெனர் குச்சி 17 முதல் 20 செ.மீ. நீளம், முனையில் ரப்பர். கீழ்ச் சுரம் கணீரென்று ஒலிக்காமல் தகரம்போலக் கேட்டால் ரப்பர் மெலிந்துவிட்டது. மேல் ஸ்தாயியின் சிறு சுரங்கள் மொத்தென்று விழுந்தால் ரப்பர் அதிகம். பழகி இறுகிப்போன ரப்பரை மாற்றத் தயங்க வேண்டாம். ரப்பரில்லாத குச்சியால் ‘சும்மா ஒரு தட்டு’ தட்டிப் பார்க்க யாருக்கும் கொடுக்காதீர்கள். ஸ்டீல்பானைத் தரையில் வைத்து வாசிப்பதும், ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதும், வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதும் கூடாது. விளிம்பில் விழுந்தால் வெளி வட்டம் முழுக்க நகரும். கடற்கரை ஊர்களில் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோட்டுப் பள்ளங்களில்தான் துரு முதலில் பிடிக்கும். தொடர்ந்து வாசிப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது சுருதி பார்க்கக் கொடுக்க வேண்டும்.

செய்ய இறங்குபவர்கள் காதை மறந்துவிடுகிறார்கள். குழிக்கும்போது சத்தம் 100 டெசிபலை எளிதில் தாண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபலை 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. காதடைப்பானும் அதன்மேல் இயர்மஃபும் சேர்த்தே போட வேண்டும். சுருதி கூட்டும்போது எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் உதவும். மேல் அலைவரிசைகளைக் காது முதலில் இழக்கிறது, டெனரின் பஞ்சமங்களைப் பிரித்துக் கேட்பதற்கு அதே அலைவரிசைகள்தான் வேண்டும்.

பேரல் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்து, பெயின்ட் கரைப்பான் இருந்ததைத் தொடவே வேண்டாம். ஆவி தங்கிய பேரலில் கட்டர் வைத்தால் வெடிக்கும், மூடியைத் திறந்துவைத்தால் மட்டும் அது தீராது. உள்ளே பூச்சுள்ளதைச் சூடேற்றினால் நச்சுப்புகை வரும், துத்தநாகம் பூசியதானால் அந்தப் புகையே காய்ச்சலைக் கொடுக்கும். விற்பவரால் பதில் சொல்ல முடியாத பழைய பேரலைவிட, உள்பூச்சில்லாத புதுப் பேரலுக்குக் காசு கொடுப்பது மலிவு.