கன்று வீச்சு நோய்: ஊசி ஏன் கிடேரிக் கன்றுக்கு மட்டும்?

நீலகிரியில் கோத்தகிரி, குந்தா பக்கம் கன்று வீச்சு நோய்க்கு (புருசெல்லோசிஸ்; சினை மாடு குறைமாதத்திலேயே கன்றைப் போட்டுவிடும்) தடுப்பூசி போடப் போனால் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "கறக்கிற மாட்டுக்கும் சேர்த்துப் போட்டுடுங்களேன், டாக்டர்." நியாயமான ஆசைதான். ஆனால் போட முடியாது. காரணம், இந்த நோய்க் கிருமி குடியிருக்கும் இடமும், அதனால் நாங்கள் போட வேண்டியிருக்கும் ஊசியின் வகையும்.

கிருமிகளை விழுங்கி அழிப்பதுதான் உடம்பில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்லின் வேலை. இந்த நோயின் கிருமியான புருசெல்லா அதற்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை ஒட்டிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) எவ்வளவு இருந்தாலும் அங்கே எட்டாது. டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற தூதுப் புரதத்தைச் சுரந்து அந்த மேக்ரோஃபேஜை உசுப்பிவிட்டால்தான் உள்ளே இருப்பது சாகும். செத்த கிருமியில் செய்த ஊசி பெரும்பாலும் ஆன்டிபாடியைத்தான் கூட்டும். டி செல்லை நன்றாக எழுப்புவது வீரியம் குறைத்த உயிர்க்கிருமி. 2019ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் நாங்கள் போடும் எஸ் 19 ஊசி அந்த வகை.

உயிருள்ளது என்பதால், சினை மாட்டுக்குப் போட்டால் ஊசியே கன்றை வீச வைக்கலாம். காளைக்கு விதையில் தங்கிவிடலாம். 4 முதல் 8 மாதக் கிடேரிக்கு ஒரே ஊசி பல வருடம் காக்கும். அப்போது எழும் ஆன்டிபாடியும் பெரும்பாலும் வளர்வதற்குள் வடிந்துவிடும். வளர்ந்த மாட்டில் அது நின்றுபோய், ஆன்டிபாடியைத் தேடும் ரோஸ் பெங்கால் ரத்தப் பரிசோதனையில் ஊசியா நோயா என்று பிரிக்க முடியாமல் செய்துவிடும். ஆர்பி 51 என்ற இன்னொரு உயிர்க்கிருமி ஊசியில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அந்த ஊசிக்கிருமி மனிதருக்குத் தொற்றினால் நாம் நம்பும் ரிஃபாம்பிசின் மருந்து அதனிடம் பலிக்காது.

புதுத் தடுப்பூசி பற்றிய செய்தியில் 'ஆன்டிபாடி பல மடங்கு உயர்ந்தது' என்று மட்டும் இருந்தால் எனக்குப் போதாது. ஊசி போட்ட விலங்குக்குச் சோதனைக்காக நோய்க்கிருமியைச் செலுத்திய பிறகு மண்ணீரலில் கிருமி எவ்வளவு மிச்சம், சினைப் பசு கன்றைக் காப்பாற்றியதா என்றுதான் தேடுவேன். எலியில் ஜெயித்தது மாட்டில் ஜெயிக்கும் என்று நிச்சயமில்லை.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். ஊசி போடும்போது கன்றை இறுக்கிப் பிடியுங்கள். அது துள்ளி ஊசி என் கையில் ஏறினால் எனக்கே நோய் வரலாம். ஊசி போட்ட மாடும் சில சமயம் கன்று வீசும். அப்போது நஞ்சுக்கொடியை வெறும் கையால் இழுக்காதீர்கள், ஓடையில் வீசாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் மனிதருக்கு இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியுமாக ஊட்டிக்கோ குன்னூருக்கோ ஆஸ்பத்திரிக்குப் போனால், வீட்டில் மாடு கன்று வீசியதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.