தட்டிப் பார்த்து வாங்க வேண்டிய கேபினெட்

முதன்முதலில் நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது, ஒரு மலிவுக் கேபினெட்டுக்குள், அதாவது பாகங்களைத் தாங்கும் வெளிப்பெட்டிக்குள், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையை இறக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தேன். சுண்டுவிரலில் ரத்தம். உள்பக்கத் தகட்டின் ஓரம் பிளேடு போல இருந்திருக்கிறது.

கேபினெட்டின் தகடு, மேலிருந்து அழுத்தும் ‘பஞ்ச்’ என்ற வெட்டுளிக்கும் கீழே இருக்கும் ‘டை’ என்ற அச்சுக்கும் நடுவே வைத்து வெட்டப்படுகிறது. கொஞ்ச தூரம்தான் சுத்தமாக வெட்டுப்படும். மீதி பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்த பக்கத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். டை புதிதாக இருக்கும்வரை அது கண்ணுக்கே தெரியாது; முனை மழுங்க மழுங்க வளரும். டையைத் தீட்டாமலே ஓட்டுகிற பட்டறையை விரல் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல தயாரிப்பில், கை படும் ஓரங்களை உள்பக்கமாக மடித்து அமுக்கியிருப்பார்கள். அதனால் கடையில் வண்ண விளக்குகளைப் பார்ப்பதற்கு முன்பு பக்கக் கதவைக் கழற்றச் சொல்லி ஓரங்களைத் தடவிப் பார்ப்பேன். மெதுவாகத்தான்!

அப்புறம் பானை வாங்குவதுபோல ஒரு தட்டு. மலிவானவற்றில் தகடு 0.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், தரமானவற்றில் 0.8 மில்லிமீட்டர். இந்த 0.3-இல் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஆனால் தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியாக ஏறும். தடிமன் 1.6 மடங்கானால் விறைப்பு 1.6 × 1.6 × 1.6, கிட்டத்தட்ட 4 மடங்கு. எடை கூடுவதோ வெறும் 1.6 மடங்கு. மெல்லிய தகட்டையும் மடிப்புகள் போட்டு விறைப்பாக்கலாம். கூரைத் தகரத்தை அலை அலையாக வளைப்பது அதற்குத்தான். மடிப்பும் இல்லாமல் தடிமனும் இல்லாமல் இருந்தால், நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 தடவை அதிரும்போது பக்கக் கதவும் சேர்ந்து ரீங்காரம் போடும்.

திருகுகளுக்கும் இதே தடிமன்தான் பிரச்சினை. கேபினெட்டில் பரவலாகப் பயன்படும் ‘6-32’ என்ற அளவுத் திருகில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே சுமார் 0.8 மில்லிமீட்டர் தூரம். 0.5 மில்லிமீட்டர் தகட்டில் வெறும் துளை போட்டால் ஒரு முழுப் புரிகூடப் பிடிக்காது. நாலு தடவை கழற்றி மாட்டினால் திருகு சும்மாவே சுற்றும். அதனால்தான் துளையின் ஓரத்தைச் சின்னக் குழாய்போல இழுத்துவிட்டு, அதில் புரி வெட்டுகிறார்கள்.

அளவுகளில் பெரிய குழப்பம் வராது. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறையில் மதர்போர்டு 305 × 244 மில்லிமீட்டர், அதில் செருகும் அடுத்தடுத்த கார்டுகளுக்கு இடைவெளி 20.32 மில்லிமீட்டர் என்று எல்லாம் வரையறுத்தாகிவிட்டது. ஆனால் கேபினெட்டின் சட்டகம் கொஞ்சம் கோணினால்கூட கிராஃபிக்ஸ் கார்டு சரியாக உட்காராது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது முறுக்கிக்கொள்கிற கேபினெட்டை அப்படியே கீழே வைத்துவிடலாம்.

இனி காற்று. என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்குத்தான். 400 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட அத்தனையையும் வெப்பமாகவே வெளியே தள்ளுகிறது. வெளியேறும் காற்று உள்ளே வந்ததைவிட 10 டிகிரி மட்டுமே சூடாக இருக்க வேண்டுமென்றால், நொடிக்குச் சுமார் 33 லிட்டர் காற்று ஓட வேண்டும். அதாவது ஒவ்வொரு நொடியும் இரண்டு குடத்துக்கு மேல். ஓட்டம் பாதியானால் அந்த 10 டிகிரி 20 ஆகும். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரி என்றால் வெளியேறுவது 55 டிகிரி காற்று. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியை வைத்து, ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு மட்டும் விட்டிருக்கும் கேபினெட்டில் மூன்று ஃபேன் இருந்து என்ன பயன்? சல்லடை முகப்பு என்றாலும் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும்.

தூசிக்கும் வழி இதில்தான் இருக்கிறது. உள்ளே தள்ளும் ஃபேன்கள் வெளியே இழுப்பவற்றைவிட வலுவாக இருந்தால், இடுக்குகள் வழியே காற்று வெளியேறும். தூசி வடிகட்டியிலேயே நின்றுவிடும். தலைகீழானால் ஒவ்வொரு இடுக்கும் தூசியை உறிஞ்சும்.

பக்கக் கதவு டெம்பர்டு கண்ணாடி என்றால், நாலு திருகையும் கழற்றியதும் கையோடு வந்துவிடுவதைவிடக் கீல் வைத்தது மேல். இந்தக் கண்ணாடியின் மேல்தோல் அமுங்கியும் உள்பகுதி இழுபட்டும் நிற்கிறது. நடுவில் படும் இடியைத் தாங்கும். ஓரம் ஒரு கெட்டியான புள்ளியில் மோதினால் மொத்தமும் ஒரே கணத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறும். டைல்ஸ் தரை அப்படிப்பட்ட கெட்டிதான். கழற்றிய கதவைச் சுவரோரம் சாய்த்து வைக்காமல் மெத்தைமேல் படுக்கப் போடுங்கள்.