சூடை மீனின் கொழுப்பும் புராஸ்டேட்டும்

பாம்பன், மண்டபம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சூடையும் சாளையும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த மீன்கள். அதைச் சாப்பிட்டால் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் வராது என்பவர்களும் உண்டு, மீன் எண்ணெய்தான் அதைக் கொண்டுவருகிறது என்பவர்களும் உண்டு. இரண்டுமே ஆய்வுகள் சொன்னதைத் தாண்டிய பேச்சு.

நாம் சாப்பிடும் கொழுப்பில் ஒரு பங்கு செல்களின் சவ்வில் போய் அமர்கிறது. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 60 சதவீதம் லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு. அதில் சிறு பகுதியை உடல் அராகிடோனிக் அமிலமாக்குகிறது. காக்ஸ்-2 என்ற நொதி அதை அழற்சியைத் தூண்டும் பொருளாக மாற்றுகிறது. மீனிலுள்ள ஈபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அதே நொதிக்குப் போட்டியாக வந்து நிற்கும். அதிலிருந்து பிறக்கும் பொருளுக்கு அழற்சியைத் தூண்டும் வேகம் குறைவு. அழற்சி குறைந்தால் புற்றுநோய்க்கும் இடம் குறையலாம் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரியும் கணக்கு.

மனிதர்களிடம் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. 2013-ல் அமெரிக்க ஆய்வொன்று, ரத்தத்தில் ஒமேகா-3 கூடுதலாக இருந்த ஆண்களுக்கு இந்தப் புற்றுநோய் 43 சதவீதம் அதிகம் என்றது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அங்கே அளந்தது ஒரே ஒருமுறை எடுத்த ரத்தம். யார் என்ன மீன் தின்றார் என்பதை அல்ல. நோய் வந்தவர், வராதவர் இரு தரப்பின் ரத்தக் கொழுப்பிலும் ஒமேகா-3-ன் சராசரிப் பங்குக்கு இடையே இருந்த இடைவெளி 0.2 சதவீதப் புள்ளிக்கும் கீழே. அதன் பிறகு, 25,871 பேரைப் பிரித்து ஒரு பாதிக்குத் தினமும் 1 கிராம் மீன் எண்ணெய் கொடுத்து 5 ஆண்டுக்கு மேல் கவனித்த, வைட்டல் என்ற அமெரிக்கச் சோதனையில் புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே, தடுப்புக்கென்று மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

நோய் வந்து, இன்னும் பரவாத 4,577 பேரிடம் நடந்த இன்னொரு 2013 ஆய்வு எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தை மாவுச்சத்துக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பிலிருந்து பெற்றவர்களுக்கு, உயிர்கொல்லும் நிலைக்குப் போகும் வாய்ப்பு 29 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 200 கலோரி. கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சோற்றைக் குறைத்து 35 கிராம் நிலக்கடலை தின்பது போல. இது கவனித்து எழுதிய தொடர்புதான், நிரூபணம் அல்ல. கடலையைச் சோற்றின் மேல் கூடுதலாகத் தின்றால் எடை ஏறும். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு உடல் பருமன் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது.

சமையலில் தவறு நடக்கும் இடம் வாணலி. சூடை மெல்லிய மீன். கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் அதன் ஈரம் ஆவியாகும், அந்த இடத்தில் எண்ணெய் ஏறும், மீனின் சொந்தக் கொழுப்பு வாணலிக்கு ஒழுகும். தின்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடை எண்ணெய். நேற்றைய எண்ணெயென்றால் இன்னும் மோசம்.

குழம்பில் ஒழுகுவதும் சட்டிக்குள்ளேயே தங்கும். தாளிக்க 2 தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். புளிக்கரைசல் நன்றாகக் கொதித்துப் பச்சை வாசம் போன பிறகு கடைசியில் மீனைப் போட்டு, 5 நிமிடத்தில் இறக்கிவிடலாம். கரண்டி போடாமல், சட்டியின் இரு காதையும் பிடித்துச் சுழற்றினால் சூடை உடையாது.