69 டிகிரி வடக்குல ஒரு உறையாத துறைமுகம்

ரஷ்யா மேப்ல வடமேற்கு மூலையப் பாருங்க, முர்மான்ஸ்க்னு ஒரு ஊர் இருக்கும், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல. டிசம்பர் ஆரம்பத்துல போற சூரியன் ஜனவரி ரெண்டாவது வாரம் வரைக்கும் தலையே காட்டாது. ஆனா கப்பல் மட்டும் வருஷம் பூரா வந்து போகுது. இதுக்குத் தெற்க, 64 டிகிரில இருக்கற ஆர்க்காங்கெல்ஸ்க்கோ குளிர்காலத்துல உறைஞ்சு போயிடும்.

கல்ஃப் ஸ்ட்ரீம்தான் காரணம்னு சொல்லுவாங்க, சரிதான், அட்லாண்டிக்ல இருந்து வர்ற வெதுவெதுப்பான தண்ணி நார்வே கரையோரமா ஏறி முர்மான்ஸ்குக்கு வடக்க இருக்கற பேரன்ட்ஸ் கடல் வரைக்கும் வருது. ஆனா பாதி விஷயம் உப்புல இருக்கு. நல்ல தண்ணி 4 டிகிரிலதான் ரொம்ப கனம், அதுக்குக் கீழ குளிர்ந்தா லேசாகி மேலயே மிதக்கும், மிதந்தபடியே சீக்கிரம் ஐஸாகிடும். உப்பு ஜாஸ்தியா இருக்கற கடல்தண்ணி அப்படி இல்ல, உறையற வரைக்கும் கனம் ஏறிக்கிட்டே இருக்கும், அதனால மேல குளிர்ந்த தண்ணி கீழ இறங்க, கீழ இருக்கற சூடான தண்ணி மேல வர, இப்படியே சுத்திக்கிட்டு இருக்கறதால சட்டுனு ஐஸ் பிடிக்காது. போதாக்குறைக்கு அது உறையவே கிட்டத்தட்ட மைனஸ் 1.8 டிகிரி வேணும். ஆர்க்காங்கெல்ஸ்க்ல வடக்கு டிவினா ஆறு நல்ல தண்ணியக் கொண்டு வந்து கொட்டுது, அது மேலாப்புல நிக்குது, உறையுது, அவ்ளோதான்.

இந்த ஒரு வசதிக்காகவே கட்டுன ஊர் இது. முதல் உலகப் போர்ல பால்டிக் கடல ஜெர்மனியும் கருங்கடல் வழிய துருக்கியும் அடைச்சுட்டாங்க, குளிர்காலத்துல நேச நாட்டு ஆயுதம் வர பக்கத்துல வேற வழி இல்ல, அவசர அவசரமா ரயில் பாதை போட்டு 1916ல ஊர ஆரம்பிச்சாங்க. பேரு ரோமனோவ்-ஆன்-முர்மன், ஜார் குடும்பத்துப் பேரு. அடுத்த வருஷமே ஜார் போயிட்டாரு, பேரும் போயிடுச்சு! ரெண்டாம் உலகப் போர்லயும் பிரிட்டன், அமெரிக்கா சரக்கு இங்க வந்து இறங்குச்சு, ஜெர்மன் குண்டுல ஊரே நாசமாச்சு.

இப்ப பொழப்பு நிலக்கரி, மீன், உரத்துக்குப் போற அபடைட்டு. அப்புறம் அணுசக்தி ஐஸ் உடைக்கற கப்பல்கள், எல்லாத்துக்கும் வீடு இதுதான், உறையாத ஊர்ல இருந்து கிளம்பிப் போய் வேற எங்கயோ ஐஸ் உடைக்குதுங்க. அது முட்டி உடைக்கறதில்ல, சரிவான முன்பக்கத்தால ஐஸ் மேல ஏறிப் படுத்து தன் எடையால நொறுக்குது. முதல் கப்பல் ‘லெனின்’ 1959ல வேலைக்கு வந்துச்சு, 1989ல ஓய்வு. இப்ப மியூசியமா கரையில கட்டிக் கிடக்கு.