முயலின் குடலுக்குள் ஒரு முறம்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மே மாத வெயிலுக்குப் பயந்து குடும்பத்தோடு ஏற்காட்டில் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மகள் வளர்க்கும் முயலும் கூடவே போயிருக்கிறது. கீழே இருந்தவரை குச்சித் தீவனமும் கொஞ்சம் கீரையும் தின்று வந்த முயலுக்கு, மலையில் பிள்ளைகள் புதுப்புல், கேரட், பிரட், பிஸ்கட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊட்டியிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் அதன் பின்பக்கத்தில் பிசுபிசுவென்று மலம் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. போதாததற்கு, அது குனிந்து தன் புழுக்கையையே தின்பதையும் இவர் பார்த்துவிட்டார். "இது நோயா, தடுக்க வேண்டுமா? தண்ணீர் வைத்ததால்தான் இப்படி ஆனது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், உண்மையா? இனி என்ன கொடுப்பது?" என்று கேட்கிறார்.

எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன் அவசரமான ஒன்று. இதைப் படிக்கும் உங்கள் வீட்டு முயல் 12 மணி நேரமாக எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால், கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.

சரி, முயலின் வயிற்றுக்கு வருவோம். மாட்டைப் போல அதற்கு நான்கு அறை கிடையாது, அசைபோடுவதும் கிடையாது. நம்மைப் போல ஒரே இரைப்பை. வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலம் மிகக் கடுமையானது, பி.எச். அளவு 1 முதல் 2 வரை. அடுத்துச் சிறுகுடல். சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் நமக்கு நடப்பது போலவே அங்கே உறிஞ்சப்படுகின்றன. மிச்சமிருக்கும் இலைச் சக்கைதான் முயலின் உண்மையான விஷயம். அது சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள குருட்டுக்குடலுக்குப் போகிறது. நமக்கு அது ஒரு சின்னப் பை. முயலுக்கோ இரைப்பையைவிடப் பெரியது. உணவுப் பாதையில் உள்ள மொத்தப் பொருளில் ஏறக்குறைய 40 சதவீதம் அங்கேதான் கிடக்கும். கோடானுகோடி நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து அசிட்டிக், பியூட்டிரிக், புரோப்பியானிக் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவர் அவற்றை உறிஞ்சிக்கொள்ள, முயலுக்குச் சக்தி கிடைக்கிறது.

இதுவரை குதிரைக்கும் இதே கதைதான். ஆனால் குதிரை பெரிய உடம்புக்காரன். சக்கையை நாள்கணக்கில் உள்ளே வைத்துப் பொறுமையாகப் புளிக்கவைக்க இடமிருக்கிறது. முயலின் எடை ஒன்றிரண்டு கிலோ. உடம்பு சிறுக்கச் சிறுக்க, ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் சக்தி கூடிக்கொண்டே போகும். மெதுவாகச் செரிக்கும் கரடுமுரடான நாரைச் சுமந்துகொண்டு திரிந்தால் அதற்குக் கட்டுப்படியாகாது. ஓட வேண்டிய பிராணி வேறு. ஆகவே எளிதில் புளிக்கும் பொடியை மட்டும் வைத்துக்கொண்டு முரட்டு நாரைச் சீக்கிரம் வெளியே தள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாகக் குழைந்து கிடக்கும்போது எப்படிப் பிரிப்பது?

பெருங்குடலின் முதல் பகுதி இந்த வேலையைச் செய்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. அந்தக் குடலின் சுவரில் நீளவாக்கில் தசைப்பட்டைகள் ஓடுகின்றன. பட்டைகளுக்கு நடுவே சுவர் வரிசை வரிசையாகச் சிறு பைகளாகப் புடைத்திருக்கிறது. குருட்டுக்குடலிலிருந்து குழம்பு இங்கே வந்ததும் சுவர் அதில் தண்ணீரைச் சுரந்து இளக்குகிறது. தசைகள் சுருங்கி விரியும்போது அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நார்த் துண்டுகள் குழாயின் நடுவில் திரள்கின்றன. பொடித் துகள், நீர், நுண்ணுயிரி எல்லாம் ஓரத்துப் பைகளில் ஒதுங்குகின்றன. முறத்தில் புடைக்கும்போது உமி முன்னால் போக, அரிசி உள்பக்கமாகத் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பிரிப்பு இங்கே ஈரத்தில் நடக்கிறது. நடுவில் திரண்ட நாரைக் குடலின் அலைகள் ஆசனவாய்ப் பக்கம் தள்ளுகின்றன. அதே சமயம் ஓரத்துப் பைகளின் சுருக்கங்கள் எதிர்த்திசையில் நகர்ந்து, பொடியையும் நீரையும் குருட்டுக்குடலுக்கே திருப்பி அனுப்புகின்றன. ஒரே குழாய், ஒரே நேரம், நடுவில் முன்னோக்கிய ஓட்டம், ஓரத்தில் பின்னோக்கிய ஓட்டம்!

இந்தப் பகுதி முடியுமிடத்தில், சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் குடல் தடித்த தசையாகிவிடுகிறது. அதன் சுவரில் நரம்பணுக்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஃபியூசஸ் கோலை என்று பெயர். முயல் வரிசைப் பிராணிகளைத் தவிர வேறு எதற்கும் இது இல்லை. இதயத் துடிப்புக்குத் தாளம் போட ஒரு திசு இருப்பது போல, பெருங்குடலின் அலைகளுக்குத் தாளம் போடுவது இதுதான். வரும் நாரைப் பிழிந்து நீரை எடுத்துவிட்டு உருண்டையாக்கி அனுப்புகிறது. கூண்டுக்கு அடியில் நாம் கூட்டி அள்ளும் உலர்ந்த புழுக்கை அப்படி வந்தது.

சில மணி நேரம் கழித்து, முயல் ஓய்வாக இருக்கும்போது, முறை மாறுகிறது. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு. பிரிக்கும் வேலை நின்றுவிட, குருட்டுக்குடல் சுருங்கித் தன் சரக்கை வெளியே தள்ளுகிறது. இம்முறை ஃபியூசஸ் கோலை பிழிவதில்லை, மெதுவாக உருட்டிவிடுகிறது. அதன் மேல் ஒரு சளிப்படலம் போர்த்தப்படுகிறது. கரும்பச்சையாய், பளபளப்பாய், ஒன்றோடொன்று ஒட்டிய சிறு மணிகளாய், நல்ல நெடியோடு வரும் இதை மென்புழுக்கை என்போம். முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே எடுத்து, பெரும்பாலும் மெல்லாமலே விழுங்கிவிடும். சளிப்படலம் அமிலத்தைத் தடுப்பதால், இரைப்பைக்குள்ளும் பல மணி நேரம் நுண்ணுயிரிகள் புளிக்கவைத்துக்கொண்டே இருக்கும். பெருங்குடல் அதில் லைசோசைம் என்ற நொதியையும் கலந்து அனுப்பியிருக்கிறது. பிற்பாடு அது நுண்ணுயிரிகளின் சுவரை உடைக்க, அவற்றின் புரதமும் பி வைட்டமின்களும் கே வைட்டமினும் முயலுக்குச் சேர்கின்றன. முயல் இருவகைப் புழுக்கை போடுகிறது, ஒன்றைத் திரும்பத் தின்கிறது என்பதை 1882ஆம் ஆண்டிலேயே மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எழுதிவைத்தார்.

ஆகவே, அம்மா, உங்கள் முயல் தின்றது நோய் அல்ல. தடுக்காதீர்கள். தடுத்தால் அதன் சாப்பாட்டில் ஒரு பங்கைப் பறித்ததாகும்.

பின்பக்கம் ஒட்டியிருந்ததுதான் கவனிக்க வேண்டியது. கூண்டில் உலர்ந்த உருண்டைப் புழுக்கையும் கிடந்து, கூடவே களிம்பு போல ஒட்டியும் இருந்தால், அது தின்னாமல் விட்ட மென்புழுக்கை. சாப்பாட்டில் மாவும் இனிப்பும் கூடிவிட்டது, அல்லது முயல் கொழுத்துப்போய்க் குனிய முடியவில்லை, அல்லது பல்லிலோ முதுகிலோ வலி என்று பொருள். உருண்டைப் புழுக்கையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அது உண்மையான வயிற்றுப்போக்கு. பால் மறந்த குட்டிகளுக்கு இது ஒரே நாளில் உயிரைப் பறிக்கும். குட்டியின் இரைப்பையில் அமிலம் இன்னும் கடுமையாகவில்லை, குருட்டுக்குடலின் நுண்ணுயிரிக் கூட்டமும் நிலைகொள்ளவில்லை என்பது காரணம்.

பிரட்டும் பிஸ்கட்டும் என்ன செய்தன? சிறுகுடலில் செரித்து முடியாத மாவு குருட்டுக்குடலுக்கு வழிகிறது. நாரை நம்பி மெதுவாக வாழும் நுண்ணுயிரிகளை முந்திக்கொண்டு வேறு கிருமிகள் பெருகுகின்றன. கிளாஸ்டிரிடியம் வகையில் ஒன்று, குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் குடலை அரிக்கும் நஞ்சையே உண்டாக்கும். சேலம்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜவ்வரிசி ஆலைகளின் ஊர் நம்முடையது. மாட்டுக்குப் போடும் மரவள்ளித் திப்பியை ஒரு கை முயலுக்கும் போட்டால் என்ன என்று தோன்றும். அதில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மாவு. வேண்டவே வேண்டாம். பச்சை மரவள்ளி இலை இன்னும் மோசம். அதிலிருந்து சயனைடு வெளிப்படும், ஆடுகளே அதைத் தின்று சாகின்றன.

நாரை முயல் பெரும்பாலும் செரிப்பதில்லை. மாடு செரிக்கும் அளவில் பாதிகூட அதற்கு வராது. ஆனாலும் நார் இல்லாவிட்டால் முயல் செத்துப்போகும். முரட்டு நார் குடலின் சுவரை உரசி விரிக்கும்போதுதான் அந்த அலைகள் ஒழுங்காக எழுகின்றன. நுணுக்கி அரைத்த குச்சித் தீவனத்தை மட்டும் தின்னும் முயலுக்கு, அட்டையில் எழுதியிருக்கும் நார்ச்சத்து சரியாக இருக்கலாம். ஆனால் நடுவில் திரண்டு முன்னே ஓட நீளமான துண்டு அதில் இல்லை. எல்லாம் பொடி. பொடி குருட்டுக்குடலுக்குத்தான் திரும்பும். பற்களும் தேய வேண்டும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருப்பவை, புல்லைக் கடித்து அரைப்பதில்தான் தேயும்.

தண்ணீர் வைத்தால் முயல் செத்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர் இருப்பதால், வெறும் புல் தின்னும் முயல் தண்ணீர் இல்லாமலும் சமாளித்திருக்கும். உலர்ந்த குச்சித் தீவனம் தின்னும் முயலுக்கு அதே விதியைப் போடுவது கொடுமை. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர் அதற்குத் தேவை, சேலம் வெயிலில் இன்னும் கூடுதலாக. நீர் குறைந்தால் குருட்டுக்குடலின் சரக்கு இறுகி, எல்லாம் நின்றுவிடும். இப்படிக் காய்ந்து செத்த முயல்கள் எத்தனையோ. முயல் ரத்தம் கலந்த எண்ணெய் தடவினால் முடி வளரும் என்று விற்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. மூடநம்பிக்கை இந்தச் சாதுப் பிராணியை இரண்டு பக்கமும் வதைக்கிறது.

மலைக்குக் கூட்டிப்போனது தப்பில்லை. முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைக் காதுகளின் வழியே வெளியேற்றப் பார்க்கும். 30 டிகிரியைத் தாண்டினாலே அது திணறும். சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு அதற்கு இதமான இடம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கூடைக்குள் ஆடிக்கொண்டு போவது அதற்குப் பெரிய பயம். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் குடலின் அலைகளைத் தணித்துவிடும். அந்த நிலையில் சாப்பாட்டையும் மாற்றியதுதான் வினை. நுண்ணுயிரிக் கூட்டம் புது உணவுக்குப் பழக நாள் பிடிக்கும். எனவே பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டுவதை இரண்டு வாரத்துக்குப் பரப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள்தான். பயணம் போனால் பழகிய தீவனத்தையே கையோடு எடுத்துப் போங்கள்.

என்ன கொடுப்பது? முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும், அதிலும் பெரும்பகுதி உலர்ந்த புல். வெளிநாட்டிலிருந்து வரும் திமோதிப் புல் விலை அதிகம். கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், அருகம்புல் இவற்றை அறுத்துக் காயவைத்தாலே போதும். பச்சைப் புல்லைக் குவித்து வைத்துச் சூடேறியபின் போடாதீர்கள். கடலைக்கொடி, குதிரை மசால், அகத்தி ஆகியவை சுண்ணாம்புச்சத்தும் புரதமும் மிகுந்தவை, கொஞ்சமாகப் போதும். பூஞ்சை பிடித்த கடலைக்கொடியில் உள்ள அஃபிளாடாக்சின் என்ற நஞ்சு முயலின் கல்லீரலைக் கெடுத்துவிடும். சூபாபுல் தழை முடியைக் கொட்டவைக்கும். சேர்வராயன் மலையில் பாதையோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி நஞ்சு, பக்கத்தில் விடாதீர்கள். கேரட் பிள்ளைகளின் ஆசைக்கு ஒரு வில்லை. உழவர் சந்தையில் காலிஃபிளவர் மட்டையைச் சும்மா கொடுக்கிறார்களே என்று அள்ளி வந்து போட்டால் வாயு கட்டும்.

நம் ஊர்ப் புற்களில் எது முயலின் குடலை எப்படி ஓட்டுகிறது என்று இன்னும் நிறைய ஆராய வேண்டும். கொடைக்கானல் மன்னவனூரிலும் நீலகிரி சாண்டிநல்லாவிலும் முயல் ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் அதன் நோக்கம் இறைச்சியும் ரோமமும். சேலம் மாவட்டத்திலேயே தலைவாசலில் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் வந்திருக்கிறது. ஒரு மாட்டுத் திட்டத்துக்கு ஆகும் செலவில் சிறு துளி போதும், கொழுக்கட்டைப் புல்லையும் அருகம்புல்லையும் முயலுக்குக் கொடுத்து அளந்து பார்க்கலாம். வீட்டுக்குள் பிள்ளைகள் வளர்க்கும் பிராணிக்கும் அறிவியல் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி, குடல் நின்றுவிட்டால் என்ன செய்வது? முயல் மூலையில் குறுகி உட்காரும், பற்களை நறநறக்கும், புழுக்கை சிறுத்துப் பின் நின்றே போகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வாயு உள்ளேயே தேங்கி வலிக்கும். வலியால் தின்னாது, தின்னாததால் குடல் இன்னும் மெதுவாகும். பட்டினி நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு படியும். முன்பெல்லாம் வயிற்றில் முடி அடைத்ததே காரணம் என்று பப்பாளி, அன்னாசிச் சாறு கொடுப்பார்கள். அந்தச் சாற்றின் நொதிகளால் முடியைக் கரைக்க முடியாது; சர்க்கரைதான் மிச்சம். முயல் நக்கி விழுங்கும் முடி எப்போதும் வயிற்றில் இருப்பதுதான். குடல் நின்று நீர் வற்றும்போது அது இறுகுகிறது. முடி பெரும்பாலும் விளைவு, காரணம் அல்ல.

மருத்துவர் நீரேற்றுவார், வலி நீக்குவார், தேவைப்பட்டால் குடலை இயக்கும் மருந்தும் குழைத்த நாருணவும் கொடுப்பார். வயிறு மத்தளமாக உப்பியிருந்தால் நீங்களாக ஊட்டாதீர்கள், அடைப்பாக இருக்கலாம். மருந்துக்கடையில் பிள்ளைகளுக்கு வாங்கும் அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுக்கவே கூடாது. வாய்வழியாகப் போகும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவை குருட்டுக்குடலின் நல்ல கூட்டத்தை அழித்து, அந்தக் கிளாஸ்டிரிடியத்துக்கு இடம் விட்டுவிடும். முயலின் இயல்பான உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி வரை; உடம்பு சில்லிட்டிருந்தால் துணியில் சுற்றிக் கதகதப்பாகக் கொண்டுபோங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வாரம் என்னென்ன தின்றது என்பதை எழுதிக் கொடுங்கள், அந்த பிஸ்கட்டையும் சேர்த்து.