வான்கூவர் தீவு: பெயருக்குள் ஒரு மாட்டுத்துறை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வான்கூவர் நகரம் வான்கூவர் தீவில் இல்லை. நகரம் இருப்பது கனடாவின் மேற்குக் கரையில், பெருநிலத்தில். நகருக்குத் தெற்கே போய் ஃபெர்ரி பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் தீவு. சின்னத் தீவு என்று நினைக்க வேண்டாம்: நீளம் சுமார் 450 கி.மீ., பரப்பில் இலங்கையில் ஏறக்குறைய பாதி. மாகாணத் தலைநகர் விக்டோரியா அங்கேதான். 2010 ஆகஸ்டில் 492 ஈழத் தமிழரோடு வந்த 'சன் சீ' கப்பல் கரை சேர்ந்த எஸ்கொய்மால்ட்டும் அங்கேதான்.

சரி, பெயருக்கு வருவோம். ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் பெயர் இது. 1792-இல் தீவின் மேற்குக் கரையிலுள்ள நூட்காவில் ஸ்பானியத் தளபதி குவாட்ராவைச் சந்தித்தார். இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லை விவகாரம் முடியவில்லை, நட்பு மட்டும் முற்றியது. நம் இருவர் பெயரையும் சேர்த்து ஏதாவது ஓர் இடத்துக்கு வையுங்களேன் என்று குவாட்ரா கேட்க, 'குவாட்ரா-வான்கூவர் தீவு' ஆயிற்று. ஸ்பெயினின் செல்வாக்கு ஒடுங்கியதும் குவாட்ரா உதிர்ந்தார். இன்று பக்கத்தில் ஒரு சிறு தீவு அவர் பெயரைத் தாங்குகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பது தனிக்கதை.

'வான்கூவர்' என்பதில் உள்ள வான் நம் ஆகாயம் அல்ல. டச்சு மொழியில் அது 'இருந்து' என்னும் பொருள் தரும் சொல். நெதர்லாந்தின் வடகிழக்கில் கூவோர்டன் என்றோர் ஊர். அவ்வூர்க்காரர் 'வான் கூவோர்டன்'. அதுதான் ஆங்கிலத்தில் சுருங்கி 'வான்கூவர்' ஆயிற்று. கோவூர் கிழார் என்று நாம் ஊரை முன்வைத்து ஆளைச் சொல்வதில்லையா, அதே வழக்கம்தான். கூவோர்டனைப் பிரித்தால் 'கூ' மாடு, 'வோர்டன்' ஆற்றில் ஆழம் குறைந்து, இறங்கிக் கடக்கத் தோதான இடம். மாடுகள் முழங்கால் நனைய, சேற்றில் குளம்பு பதித்து அக்கரை ஏறும் இடம்.

இதற்குத் தமிழில் கடவு, துறை இரண்டும் பொருந்தும். கடப்பதைக் கறாராகச் சொல்வது கடவுதான். ஆனால் 'ஆக்கடவு' நாக்கில் ஒட்டவில்லை. திருவாவடுதுறை என்று பேர் வைத்த நமக்கு ஆன்துறை எளிது. அதற்காக வரைபடத்தில் 'ஆன்துறையார் தீவு' என்று எழுதிவிடாதீர்கள். ஆள்பெயரை மொழிபெயர்த்தால் ஆளே காணாமல் போவார். எழுதும்போது வான்கூவர் தீவு என்பதே போதும்.