காற்று மட்டும் மண்ணைத் தூக்காது

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலைப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: காற்று எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது, 1930களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில வயல் மண் மட்டும் ஏன் அப்படிப் புழுதிப் புயலாகக் கிளம்பிப் பறந்தது?

பின்னணி தெரிந்ததுதான். ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களில் வால்போல் நீண்டிருக்கும் பகுதிகளும் கான்சாஸ், கொலராடோவின் ஓரங்களும் குட்டைப் புல் வளர்ந்த சமவெளி. முதல் உலகப் போரில் கோதுமை விலை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 2 டாலரைத் தாண்டவே புல்லைப் பெயர்த்து உழுதார்கள். ‘ஏர் போகும் இடத்துக்கு மழை தானாக வரும்’ என்று 19ஆம் நூற்றாண்டில் பரப்பப்பட்ட நம்பிக்கை ஏற்கெனவே பலரை அங்கே குடியேற்றியிருந்தது. அந்தப் பக்கத்து மழைக் கணக்கைப் பல ஆண்டுகளுக்குப் பார்த்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1931இல் விலை 40 சென்ட்டுக்கும் கீழே போனது, வறட்சியும் பிடித்தது. பயிரில்லாத நிலம் வெறுமையாகக் கிடந்தது.

இனி மண்ணுக்கு வருவோம். மிக நுண்ணிய களிமண் தூளைக் காற்று நேரடியாகத் தூக்குவது கடினம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தரையை ஒட்டிக் காற்று மந்தமாக நகரும் மெல்லிய அடுக்குக்குள் பதுங்கியும் விடுகின்றன. முதலில் நகர்வது 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையுள்ள மணல் பருக்கை. ஒட்டிக்கொள்ளாத அளவுக்குப் பெரிது, காற்று அசைக்கும் அளவுக்குச் சிறிது. அது சுழன்றபடி துள்ளி எழும். காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டு, தரைக்குச் சுமார் 10 பாகைச் சாய்வில் வந்து மோதும். துள்ளல் பெரும்பாலும் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான். ஆனால் ஒவ்வொரு மோதலும் வேறு பருக்கைகளைத் துள்ள வைக்கிறது, மண்கட்டியைச் சுரண்டுகிறது, ஒட்டியிருந்த தூளை உடைத்து மேலே எறிகிறது. அந்தத் தூளுக்குத்தான் இறங்க மனமில்லை. 1934 மே மாதப் புழுதி நியூயார்க் வரை போனது. கீழே துள்ளும் மணல் அடுத்த வேலியைத் தாண்டுவதற்குள் மேலே எழுந்த தூள் அடுத்த மாநிலத்தில் இருக்கும்.

மோதல் பெருகிக்கொண்டே போவதால், வயலின் காற்று நுழையும் ஓரத்தில் சில பருக்கைகளாகத் தொடங்குவது மறு ஓரத்தில் வெள்ளமாகிவிடும். தடையில்லாத வயல் நீளமாக இருக்க இருக்க இழப்பும் கூடும். உரசலில் மின்னேற்றமும் சேரும். புயலில் கார் எஞ்சின்கள் நின்றுபோனதால், மின்னைத் தரையில் இறக்கச் சங்கிலியை இழுத்தபடி ஓட்டினார்கள்.

0.84 மில்லிமீட்டரைவிடப் பெரிய கட்டிகளைக் காற்று எளிதில் அசைக்காது. 1920களில் பரவிய ஒற்றைப்பக்க வட்டத்தட்டுக் கலப்பை அந்தக் கட்டிகளைத்தான் தூளாக்கியது. வேலையை வேகமாக முடித்ததால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மாற்று வழி, மண்ணை இருபக்கமும் ஒதுக்கி வரப்பெழுப்பும் லிஸ்டர் கலப்பை: காற்றுக்குக் குறுக்கே ஆழச்சால் போட்டால் துள்ளும் பருக்கை சாலில் விழுந்து அடங்கும். காற்றின் திசையிலேயே சால் போனால் பயனில்லை. வெறும் மணல் நிலத்தில் வரப்பு சரிந்து சால் விரைவில் தூர்ந்துவிடும். அங்கே சோளத்தைப் பட்டை பட்டையாக விதைத்து, அறுத்த தாளை நிற்கவிட வேண்டும்.

புழுதிப் புயல் பகலை இருட்டாக்கிய ‘கறுப்பு ஞாயிறு’ 1935 ஏப்ரல் 14. அதே மாதம் 27ஆம் தேதி மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துகளின் துள்ளலைக் கனடாவில் அளக்கத் தொடங்கிய வில்லியம் செப்பில், மழை திரும்பிய பிறகு 1940களின் பிற்பகுதியிலிருந்து கான்சாஸின் மன்ஹாட்டனில் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். வறட்சி இல்லாத ஆண்டில் மண் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதே சரியான செலவு என்பது என் உறுதியான எண்ணம்.

நாவலின் ஜோட் குடும்பம் மட்டும் இந்த வரைபடத்துக்குள் வராது. அவர்களுடைய சாலிசா ஊர் ஓக்லஹோமாவின் கிழக்கு எல்லையில், புழுதியின் மையத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அது பருத்திப் பூமி. அங்கே வறட்சியோடு சேர்ந்து குத்தகைக்காரரை விரட்டியவை விலை வீழ்ச்சியும் 1933ஆம் ஆண்டு வேளாண் சட்டமும். பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு கொடுத்த பணத்தில் பெரும்பங்கு நில உரிமையாளர் கைக்குப் போனது. உரிமையாளர் பலர் குத்தகையை முடித்துவிட்டு டிராக்டர் வாங்கினார்கள். கலிபோர்னியாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட பருத்திப் பகுதிகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் கிளம்பியவர்கள்தான்.